கடல் திருப்பித் தந்த பிள்ளை



இம்மாதம் இந்தப் பக்கத்தில் ஓர் இளைஞரைப் பற்றியும் அவரைப் பெற்ற தாயைப் பற்றியும் உங்களுடன் கதைக்க விரும்புகிறேன். இளைஞரின் பெயர் ரிச்சர்ட் டி சொய்சா. 1958 மார்ச் 18 ஆம் திகதி பிறந்தார். 1990 பெப்ரவரி 18 ஆம் திகதி கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 32 வயது நிறைந்திருக்கும். தாயின் பெயர் டொக்டர் மனோராணி சரவணமுத்து. மகனை இழந்த பின்னர் ஏறத்தாழ 11 ஆண்டுகள் வாழ்ந்து, 2001 ஆம் ஆண்டில் அவரும் கண்மூடினார்.

பெண்களுக்கான சஞ்சிகையில் ஓர் ஆண்பிள்ளையின் கதை எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இளவயதில் இறந்துபோன ஒவ்வோர் ஆண்பிள்ளைக்குப் பின்னாலும் அவனையே நினைத்துக்கொண்டு மீதி நாட்களைக் கழிக்கின்ற ஒரு பெண் இருக்கிறாள். அவள் தாயாக இருக்கலாம். மனைவியாக, சகோதரியாக, மணமுடிக்கக் காத்திருந்தவளாக இருக்கலாம். இறந்தவர்களை நினைவில் சுமப்பது நமது நாட்டில் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே ஆகிவிட்டது. அந்த வேலையை மனோராணி எப்படிச் செய்தார் என்பதில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ரிச்சர்ட் கொல்லப்பட்ட அதே 1990 ஆம் ஆண்டில்தான் நான் பிறந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, இலங்கையில் அன்னையர் நடத்திய போராட்டங்கள் பற்றிய பாடம் ஒன்றில்தான் முதன்முதலாக அவரது பெயரைக் கேள்விப்பட்டேன். அன்று அவர் எனக்கு ஒரு பெயர், ஒரு திகதி, பரீட்சைக்கு எழுத வேண்டிய ஒரு குறிப்பு மாத்திரமே. பின்னர் சமூக சேவையாளராகப் பணியாற்றத் தொடங்கி, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கியபோதுதான் மனோராணியின் கதையை மீண்டும் தேடிப் படித்தேன். இன்று எனது வயது ரிச்சர்டின் வயதைத் தாண்டிவிட்டது. அதை நினைக்கும்போது அவர் எவ்வளவு இளையவராகப் போயிருக்கிறார் என்பது மனதில் உறைக்கிறது.

அவர் எப்படி இறந்தார் என்று சொல்வதற்கு முன்னர் அவர் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

ரிச்சர்டின் தந்தை லூசியன் டி சொய்சா சிங்களவர். கிரிக்கெட் வீரராகவும் வர்ணனையாளராகவும் நாடகக் கலைஞராகவும் அறியப்பட்டவர். தாய் தமிழர், வைத்தியர். இரண்டு இனங்களும் ஒரே வீட்டில் கலந்து வளர்த்த பிள்ளை அவர். கல்கிசை சென் தோமஸ் கல்லூரியில் கல்வி கற்றார். ஆங்கில நாடக மேடையில் பெயர் பெற்ற நடிகரானார். ரூபவாஹினியில் செய்தி வாசித்தார். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1983 ஜூலை வன்செயலில் தமிழ் மக்கள் பட்ட அவலமும் அவரது கவிதைக்குப் பொருளாயிற்று. பின்னர் இன்டர் பிரஸ் சேர்விஸ் என்ற சர்வதேசச் செய்தி நிறுவனத்தின் இலங்கைச் செய்தியாளராகப் பணியாற்றினார்.

சிங்களத் திரைப்படங்களில் ஆர்வமுள்ளவர்கள் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'யுகாந்தய' படத்தைப் பார்த்திருப்பீர்கள். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1983 இல் எடுக்கப்பட்ட படம் அது. காமினி பொன்சேகா பெரும் செல்வந்தரான தந்தையாக நடித்திருப்பார். இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பி, தந்தையின் செல்வத்தை ஏற்காமல் தொழிலாளர் பக்கம் நிற்கின்ற மகன் மாலின் என்ற பாத்திரத்தில் நடித்தவர்தான் ரிச்சர்ட். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதளவில் இருக்கும். மெலிந்த உடலும் கூர்மையான கண்களும் தெளிவான குரலுமாக அந்தப் படத்தில் அவரை இன்றும் பார்க்கலாம்.

அவர் வாழ்ந்த காலம் கொடியது. 1987 இற்குப் பின் தென்னிலங்கையில் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியாளரும் கொன்றனர், அவர்களை அடக்கப் புறப்பட்ட அரச படைகளும் துணைக்குழுக்களும் கொன்றன. வீதியோரங்களில் டயர் போட்டு எரிக்கப்பட்ட உடல்கள் கிடந்தன. ஆறுகளில் சடலங்கள் மிதந்தன. இரவில் வீட்டுக்கு வந்து அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் திரும்பி வரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நாம் பட்டறிந்த அதே துயரத்தை அந்த ஆண்டுகளில் தெற்கின் சிங்களத் தாய்மாரும் அனுபவித்தார்கள். 1994 இன் பின்னர் நியமிக்கப்பட்ட மூன்று ஜனாதிபதி ஆணைக்குழுக்கள் 16,000 இற்கும் மேற்பட்டோர் காணாமற்போனமையை உறுதிசெய்தன. இவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

1990 பெப்ரவரி 18 ஆம் திகதி அதிகாலை, இராஜகிரியவில் இருந்த மனோராணியின் வீட்டுக்கு ஆயுதம் தாங்கிய குழுவொன்று வந்தது. தூக்கத்தில் இருந்த ரிச்சர்டை இழுத்துச் சென்றது. தாய் தடுத்துப் பார்த்தார். முடியவில்லை. பொலிஸாரிடம் முறையிட்டார். கைது செய்ததாக எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் மொரட்டுவைக் கரையோரக் கடலில் ஓர் உடல் மிதந்தது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களுடன் இருந்த அந்த உடலைத் தன் மகன்தான் என்று தாய் அடையாளம் காட்டினார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் மனோராணி சொன்ன ஒரு விடயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையிலேயே பாக்கியசாலியான தாய் நான்தான் என்ற கருத்துப்பட அவர் பேசியிருக்கிறார். என் மகனின் உடலாவது எனக்குக் கிடைத்தது, ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு அதுகூடக் கிடைக்கவில்லையே என்பதே அவர் சொன்ன காரணம். பெற்ற பிள்ளையைச் சுட்டுக் கடலில் எறிந்தவர்கள் இருக்கும் நாட்டில், அந்த உடல் கிடைத்ததே பாக்கியம் என்று ஒரு தாய் சொல்ல நேர்ந்ததை என்னவென்பது! அந்த வார்த்தையைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த வார்த்தையில் இன்னொன்றும் இருக்கிறது. தன் மகனுக்காக அழும் வேளையிலேயே அவர் மற்றத் தாய்மாரைக் கண்டுகொண்டார். கொழும்பில் ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பத்தவர் அவர். மகன் பெயர் பெற்றவர் என்பதால் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அந்தக் கொலையைப் பற்றி எழுதின. மாத்தறையிலோ அம்பாந்தோட்டையிலோ ஒரு குடிசையில் இருந்து இழுத்துச் செல்லப்பட்ட பையனைப் பற்றி யார் எழுதினார்கள்? சமூகவியலில் வர்க்கம் என்று நாங்கள் படிப்பது இதைத்தான். வாழும்போது இருந்த ஏற்றத்தாழ்வு இறந்த பின்னும் போவதில்லை. ஒருவரின் மரணம் செய்தியாகிறது. மற்றவரின் மரணம் பதிவேட்டில்கூட ஏறுவதில்லை. மனோராணி இதை விளங்கிக்கொண்டார். தனக்குக் கிடைத்த கவனத்தை, கவனம் கிடைக்காத தாய்மார் பக்கம் திருப்பினார்.

1990 ஜூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணி தொடங்கப்பட்டது. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த மங்கள சமரவீர, மஹிந்த ராஜபக்ஷ ஆகியோர் அதற்குத் துணைநின்றார்கள். மனோராணி தலைவியானார். யோசித்துப் பாருங்கள்: கொழும்புத் தமிழ் வைத்தியர் ஒருவர், தென்மாகாணக் கிராமங்களைச் சேர்ந்த சிங்கள விவசாயக் குடும்பத் தாய்மாருக்குத் தலைவியாகிறார். மொழியும் வசதியும் படிப்பும் வேறு. பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற வகையில் எல்லோரும் ஒன்று. சில ஆண்டுகளிலேயே அந்த முன்னணியில் ஆயிரமாயிரம் பெண்கள் சேர்ந்தார்கள்.

அவர்களுக்கு நீதிமன்றக் கதவு திறக்கவில்லை. எனவே தெய்வத்தின் வாசலுக்குப் போனார்கள். 1992 ஜூன் 23, அன்றைய ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்த நாள். அன்று அந்தத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலில் கூடி, தேங்காய் உடைத்து, தலைவிரி கோலமாக அழுது, தங்கள் பிள்ளைகளை அழித்தவர்களைச் சபித்தார்கள். சிங்களத் தாய்மார் காளியிடம் முறையிட்ட அந்தக் காட்சியைப் பலர் மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்தனர். ஆனால், கூட்டம் கூடத் தடையுள்ள நாட்டில் கும்பிடப் போவதைத் தடுப்பது கடினம் என்பதை அந்தப் படிக்காத பெண்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அன்னையர் முன்னணி என்ற பெயர் நமக்குப் புதியதல்ல. அதற்கு முன்னரே, 1984 இல், யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியிருந்தது. கைது செய்யப்பட்ட இளைஞர்களை விடுவிக்கக் கோரி நமது தாய்மார் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். மட்டக்களப்பிலும் அவ்வாறே தாய்மார் திரண்டார்கள். இயக்கங்கள் தமக்குள்ளே மோதி இளைஞர்களை அழித்தபோது, உலக்கைகளுடன் வீதிக்கு வந்து தடுக்க முயன்ற கிழக்குத் தாய்மாரும் உண்டு. கடல் கடந்து பார்த்தால், ஆர்ஜென்டீனாவில் 1977 முதல் தலையில் வெள்ளைத் துணி கட்டி ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் சுற்றிச் சுற்றி நடந்த தாய்மாரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எங்கள் பிள்ளைகள் எங்கே?

ரிச்சர்டின் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மகனை இழுத்துச் சென்றவர்களில் ஒருவரைச் சில மாதங்களின் பின்னர் தொலைக்காட்சிச் செய்தியில் மனோராணி கண்டார். அவர் ஒரு மூத்த பொலிஸ் அதிகாரி. தாய் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அவருக்கும் அவருக்காக வாதாடிய சட்டத்தரணி பெட்டி வீரக்கோனுக்கும் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. மகனுக்காக அழுவதோடு நிறுத்திக்கொள், அதற்கு மேல் போனால் உயிர் போகும் என்பதே தாய்க்கு வந்த கடிதத்தின் சாரம். போதிய சாட்சியம் இல்லை என்று அந்த அதிகாரி மீது வழக்குத் தொடரப்படவில்லை. பல ஆண்டுகளின் பின் வேறு மூன்று பொலிஸார் மீது வழக்கு நடந்தது. 2005 இல் அவர்களும் விடுதலை செய்யப்பட்டார்கள். அதைப் பார்க்கத் தாய் உயிரோடு இல்லை. ரிச்சர்டைக் கொன்றதாக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

1994 இல் ஆட்சி மாறியது. அன்னையரின் கண்ணீரைப் பற்றி மேடைகளில் பேசியவர்கள் அமைச்சர்களானார்கள். அன்னையர் முன்னணியோ மெல்ல மெல்ல அடங்கிப்போயிற்று. தாய்மாரின் துயரத்தை அரசியல்வாதிகள் வாக்காக மாற்றிக்கொள்வதும், அதன்பின் மறந்துவிடுவதும் தெற்கில் மட்டும் நடக்கின்ற விடயமல்ல என்பதை நீங்களும் அறிவீர்கள்.

இனி எனது பணியில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

வன்னியில் ஒரு தாயின் வீட்டுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அவரது மகனுக்கு அப்போது 19 வயது. 2009 மே மாதத்துக்குப் பின் அவனைப் பற்றிய தகவல் இல்லை. அந்த அம்மாவிடம் தடித்த கோவை ஒன்று இருக்கிறது. பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், ஒன்றன்பின் ஒன்றாக வந்த விசாரணைக் குழுக்களின் அழைப்புகள் எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. யார் போனாலும் அந்தக் கோவையைத் திறந்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன சேட்டுடன் மகனைக் கடைசியாகக் கண்டார் என்று ஒப்புவிப்பார். ஒருநாள் கோவையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தம்பிக்கு என்ன சாப்பாடு விருப்பம், அம்மா?" என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"எல்லாரும் அவன் எப்பிடிக் காணாமப் போனவன் எண்டுதான் கேக்கினம், பிள்ளை. அவன் எப்பிடி இருந்தவன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல" என்றார்.

அதன்பின் இரண்டு மணித்தியாலம் கதைத்தார். கணவாய்க் கறி என்றால் இன்னொரு கோப்பை சோறு கேட்பானாம். வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பூட்டிப் பூட்டி ஒருநாள் பேசாமலே ஆக்கிவிட்டானாம். தங்கச்சிக்குப் பின்னல் போட அவன்தான் வருவானாம், தாய் போட்டால் கோணும் என்று சொல்வானாம். சொல்லச் சொல்ல அந்த அம்மா சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். மூலையில் இருந்த மகளும் எழுந்து வந்து, "அண்ணா விசில் அடிக்கிறதைச் சொல்லேல்லையே, அம்மா" என்று சேர்ந்துகொண்டாள்.

போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் பழகி, இந்தத் துயரத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் சொல்ல முடியாது. அழுது முடிக்கவும் இயலாது. நம்பிக்கையை விடவும் இயலாது. செத்தவீடு செய்யலாமா, திவசம் கொடுக்கலாமா, பொட்டு வைக்கலாமா, எதற்கும் விடையில்லை. இது அந்தப் பெண்ணின் மனப் பலவீனம் அல்ல, அவள் நிறுத்தப்பட்டிருக்கும் நிலையே அப்படிப்பட்டது என்பதுதான் பொஸ் வலியுறுத்திய கருத்து. மகனின் உடல் கிடைத்ததைப் பாக்கியம் என்று மனோராணி சொன்னதன் பொருள் இதுவே. அவருக்கு அழ ஒரு நாள் இருந்தது. வன்னி அம்மாவுக்கு அதுவும் இல்லை.

சட்டத்தில் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டு 2018 இல் இயங்கத் தொடங்கியது. அதே 2016 இல் வந்த இன்னொரு சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் பெற மனமில்லாத குடும்பம், ஆள் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். காணி, வங்கிக் கணக்கு, உதவிப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு போன்ற அலுவல்களுக்கு அது பயன்படும். பிள்ளை இறந்துவிட்டான் என்று கையொப்பமிடும் கொடுமைக்குத் தாயைத் தள்ளாத ஒரு வழி இது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்குதலைத் தனிக் குற்றமாக ஆக்கியது. ரிச்சர்டை இழுத்துச் சென்ற காலத்தில் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. ஆனால் சான்றிதழும் அலுவலகமும் உண்மைக்கு ஈடாகாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது பணமல்ல, பதில். பதில் கிடைக்காமலே அவர்களில் எத்தனையோ பேர் இறந்துபோனார்கள்.

உண்மையைச் சொல்வது அரசின் கடமை. அயலவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நினைவைச் சுமக்கும் பெண்ணுக்கு அந்தச் சுமையை இறக்கி வைக்க நாம் இடம் கொடுக்கிறோமா?

"நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடு" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். அந்த வார்த்தை தாயின் காதில், உன் பிள்ளை பிறக்கவே இல்லை என்று எண்ணிக்கொள் என்பது போல விழுகிறது. "உனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்குதுதானே" என்று ஆறுதல் சொல்கிறோம். மூன்று பேர் இருந்த வீட்டில் இருவர் இருப்பது அவளுக்குத் தெரியாதா? அவன் பெயரைச் சொன்னால் அவள் அழுவாள் என்று பயந்து, பெயரையே வாயில் எடுக்காமல் விடுகிறோம். பெயரைக் கேட்டு அழும் தாயை விட, பெயரைச் சொல்ல ஆளில்லாமல் அழாமல் இருக்கும் தாய்தான் கூடுதலாக வாடுகிறாள். எனது அனுபவத்தில் கண்ட உண்மை இது.

ஆகவே அவனது பெயரைச் சொல்லுங்கள். அவனோடு படித்தவர் என்றால், அவன் வகுப்பில் செய்த குறும்பை அந்தத் தாயிடம் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாத ஒரு சிறு கதை உங்களிடம் இருந்தால் அது அவளுக்குப் புதையல். இறந்த நாளை மட்டும் நினைக்காமல் பிறந்த நாளையும் நினையுங்கள். அன்று அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அவன் எழுதிய கொப்பி, வென்ற சான்றிதழ், படங்கள் ஆகியவற்றைக் கறையான் அரிக்காமல் ஒரு பெட்டியில் பாதுகாக்கலாம். வயதான தாய் சொல்லும் கதைகளைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவிக்கலாம், கைத்தொலைபேசியில் பதியலாம். வீட்டில் மீதியுள்ள பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. போன அண்ணனின் நிழலிலேயே வளரும் தங்கைக்கும் அழவும் சிரிக்கவும் உரிமை உண்டு. தூக்கமின்றி, உணவின்றி, உயிரை வெறுத்துப் பேசும் நிலையில் ஒரு தாய் இருந்தால், அவரைத் தனியே விடாமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல.

ரிச்சர்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் ஆங்கில நாவலின் நாயகன், 1990 இல் கொல்லப்பட்ட ஒரு புகைப்படக்காரன். அவனிடம் ரிச்சர்டின் சாயல் உண்டு என்று பலர் எழுதினார்கள். 2025 ஜனவரியில் அசோக ஹந்தகம இயக்கிய 'ராணி' என்ற சிங்களத் திரைப்படம் வெளிவந்தது. மனோராணியாக நடித்தவர் சுவர்ணா மல்லவாராச்சி. படத்தைப் பார்த்தவர்களில் பலர் பாராட்டினர். திரையில் காட்டப்பட்டவர் தாங்கள் அறிந்த மனோராணி அல்லர் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். இந்த விவாதமும் நல்லதே என்பது என் எண்ணம். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் ஒரு தாய் எப்படிப்பட்டவராக இருந்தார் என்று மனிதர்கள் வாதாடுகிறார்கள் என்றால், மிரட்டல் கடிதம் எழுதியவர்கள் தோற்றுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அழுதுவிட்டு வாயை மூடிக்கொள் என்றல்லவா அவர்கள் அந்தத் தாய்க்கு எழுதினார்கள்!

நாவலும் படமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. மாத்தறைப் பையனுக்கும் மட்டக்களப்புப் பையனுக்கும் முல்லைத்தீவுப் பையனுக்கும் அவர்களது தாயின் வாய்தான் புத்தகம். அந்தப் புத்தகத்தை வாசிக்க நாலு பேர் வேண்டும். உங்கள் ஊரில், உங்கள் ஒழுங்கையில், அப்படி ஒரு தாய் கட்டாயம் இருப்பார். அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒருநாள் பின்னேரம் அவரிடம் போய்ப் பக்கத்தில் அமருங்கள். மகன் எப்படிப் போனான் என்று கேட்க வேண்டாம். எப்படி இருந்தான் என்று கேளுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.